கீழேயிருந்து புதுசா என்ன வந்திருக்கு?

வட்டவடையில் ஜீப்பைவிட்டு இறங்கினால் ஊரே நம்மிடம் கேட்கும்: ரூம் வேணுமா, ஸ்ட்ராபெரித் தோட்டம் பாக்கணுமா, மலைப்பூண்டு எடுக்கிறீங்களா. நம்மாள் கேட்பது வேறு.

"கீழேயிருந்து வர்றீங்க. மாயக்கதை, விண்வெளிக்கதை, இந்த ரகத்துல புதுசா என்ன வந்திருக்கு?"

எல்லாரிடமும் கேட்டுவிடமாட்டார். மஞ்சு இறங்குவதைச் செல்போனில் பிடிக்காமல், சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளாக இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி இருந்தால் விசேஷம். புத்தகத்தின் பெயரைச் சொன்னால் ஸ்ட்ராபெரி விலையில் கொஞ்சம் குறைப்பார். கதையையும் சொன்னால் பாஷன் ஃப்ரூட் இனாம். முடிவைச் சொல்லிவிட்டால் கோபம் வந்து பழைய விலைக்கே திரும்பிவிடுவார்.

இந்த வம்சம் எல்லா ஊரிலும் உண்டு. சென்னையில் இருந்தால் பொங்கல் சமயத்துப் புத்தகக் காட்சியில் காலிப் பையோடு சுற்றி, காலிப் பையோடு வீடு திரும்பும். நம்மாளுக்கு அந்த வசதியும் இல்லை. மூணாறிலிருந்து வட்டவடைக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் போலத்தான். ஆனால் நடுவில் பாம்பாடும்சோலை. கேரளத்திலேயே மிகச் சின்ன தேசியப் பூங்கா அது, பரப்பு 1.3 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். ராத்திரியில் வனத்துறை கேட்டைப் பூட்டிவிடும். ஆகவே வட்டவடைக்குப் புத்தகம் பகலில்தான் வந்தாக வேண்டும். ஹாரி பாட்டர் கதையில் ஆந்தை வீடு தேடிவந்து தபால் கொடுக்கும் கட்டத்தை நம்மாள் ஒப்புக்கொள்ளவே இல்லை. "மந்திரக்கோல நம்புறேன். பறக்குற துடைப்பத்த நம்புறேன். வீட்டு வாசல் வரைக்கும் பார்சல் வருதுங்கிறான் பாருங்க, அதத்தான் நம்ப முடியல" என்றார்.

நோய் தொற்றியது வடுகப்பட்டிப் பூண்டுச் சந்தையில். அப்பா மூட்டையோடு கீழே போனால் திரும்பும்போது காரச்சேவும் காமிக்ஸும் வாங்கிவருவார். சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துபோகிற மனிதர். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அதைப் படித்த பையனுக்கு அன்றே ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. இன்றைக்கும் காற்றுமழையில் மரம் சாய்ந்து லைன் போனால் அதைத்தான் சொல்வார்: "மாயாவி இங்க வந்து சேந்திருந்தா என்ன செஞ்சிருப்பாரு? எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுக்கிட்டு, டீக்கடையில உக்காந்திருப்பாரு."

அவருடைய விமர்சன முறையே இதுதான். எந்தக் கதையையும் வட்டவடை வயலில் நட்டுப் பார்ப்பார். பெங்களூரிலிருந்து வந்த ஐ.டி. பையன் ஒருவன் சீனாவின் லியு சிஷின் எழுதிய நாவலைப் பற்றிச் சொன்னான். உலகத்துக்கு மூன்று சூரியன், எது எப்போது உதிக்கும் என்றே தெரியாது, அங்கே இருக்கிறவர்கள் பூமியைப் பிடிக்கக் கிளம்புகிறார்கள், 2015இல் ஹியூகோ விருதெல்லாம் வாங்கிய கதை. நம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆடி மாசம் வாங்க தம்பி, இங்க ஒரு சூரியனையே கண்ணுல பாக்க முடியாது. அவங்கட்ட மூணு இருக்கா? ஒண்ண இங்கிட்டு அனுப்பச் சொல்லுங்க, கேரட் அழுகாம இருக்கும்" என்றார். பையன் அடுத்த கதையைச் சொல்லவில்லை.

ஒரே ஒரு கதைக்கு மட்டும் அவரிடம் முழு மதிப்பெண். ஆண்டி வியர் எழுதிய 'தி மார்ஷியன்'. செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஆள், சாப்பாட்டுக்கு வந்த உருளைக்கிழங்கை வெட்டி நட்டு, மனிதக் கழிவை உரமாகப் போட்டுப் பிழைக்கிறான். அக்கா மகள் மடிக்கணினியில் படமாகக் காட்டியபோது நம்மாள் பலகையிலிருந்து எழுந்து நின்றுவிட்டாராம். "கண்ணு பாத்துத்தான் வெட்டுறான், விவரமான ஆளு." பிறகு கதவு பிய்த்துக்கொண்டு போய் வெள்ளாமை மொத்தமும் ஒரு நொடியில் உறைந்துபோகும் இடத்தில் கண் கலங்கியிருக்கிறது. ராக்கெட், நாசா, மீட்பு எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். படம் முடிந்ததும் பெருமூச்சோடு சொன்னது: "குடுத்து வச்சவன். அம்புட்டுக் கிழங்கு வெளஞ்சும் ஒரு ஏஜென்ட்டுகூட வரல பாரு."

மற்றபடி அவரிடம் புதுப் புத்தகத்தை நீட்டுவது வீண் வேலை. நான்கு பக்கம் புரட்டுவார், மூடுவார், "பழசு" என்பார். பேசும் ரோபோவா? விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தில் முப்பத்திரண்டு நின்றதே. காலப்பயணமா? ரேவதியின் அப்பா பிரம்மலோகம் போய்வருவதற்குள் இங்கே யுகங்களே கழிந்துபோகவில்லையா? புதுசு கேட்டுத் தவமிருப்பவரும் அவரே, வந்ததைப் பழசு என்று நிரூபிக்கிறவரும் அவரே. பெண் பார்க்கப் போய் பஜ்ஜியில் குற்றம் கண்டுபிடித்துத் திரும்புகிற மாப்பிள்ளை வீட்டார் தோற்றார்கள்.

ஊரில் நூலகம் இல்லாமல் இல்லை. 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் குத்திக் கொல்லப்பட்ட மாணவர் அபிமன்யு இந்த மண்ணின் பிள்ளை. ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. மறுவருஷமே, கேரளம் முழுவதிலிருந்தும் மக்கள் அனுப்பிய புத்தகங்களோடு அது திறந்தது. அந்தப் பேச்சு வந்தால் நம்மாள் கேலியை நிறுத்திவிடுவார். "வாயனசாலைக்குப் போறேன்" என்று சொல்லும்போது துண்டைத் தோளிலிருந்து இறக்கிக்கொள்வார்.

அங்கே சிக்கல் வேறு மாதிரி. அலமாரியில் பெரும்பாலும் மலையாளம். கேரட்டுக்கு விலை பேசும் மலையாளம் நம்மாளிடம் வெள்ளமாய் ஓடும். படிக்கிற மலையாளம் எழுத்தெழுத்தாகச் சொட்டும். கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதிஹ்யமாலை'யை எடுத்தார். மந்திரவாதப் பாதிரியார் கடமற்றத்துக் கத்தனார், ரத்தம் குடிக்கும் யட்சி, எல்லாம் நூறு வருஷத்துக்கு முந்திய சரக்கு. அவர் படிக்கிற வேகத்தில் யட்சி பாதிரியாரை நெருங்கி வருவதற்கே ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க ராத்திரி வெளியே போகத் துணைக்கு ஆள் கூப்பிட்டார் என்பது அவர் வீட்டம்மா சொல்லித் தெரிந்தது. எனக்கென்னவோ திகில் கதையைப் படிக்க வேண்டிய வேகமே அதுதான் என்று தோன்றுகிறது.

தமிழிலும் தேடாத இடமில்லை. சுஜாதாவில் பாக்கி வைக்கவில்லை. 'என் இனிய இயந்திரா' மேல் ஒரு மனக்குறை மட்டும் உண்டு. "எதிர்காலம்னு அவரு எழுதுன வருஷமே வந்து தாண்டிப்போச்சு. மனுசனுக்கு நம்பர் போடுவாங்கன்னாரு, போட்டாச்சு. ஜீனோ எங்க? அந்த நாய்க்குட்டிக்காகத்தானே இம்புட்டு நாள் காத்திருந்தேன்?" ஜெயமோகனின் 'விசும்பு' தேடிப் போனபோது கடைக்காரர் அறிவியல் பாடநூல் பக்கம் கை காட்டினாராம். தமிழ்க் கடைகளில் இந்த வகைக்கென்று தனித் தட்டு இருப்பது அபூர்வம். சுஜாதாவை எடுத்துவிட்டால் மிச்சம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தனியாக ஒரு கணேஷும் வசந்தும் வேண்டும். அக்கா மகள்தான் அரூ இதழின் அறிவியல் சிறுகதைப் போட்டியில் வந்த கதைகளைச் செல்போனில் காட்டுவாள். "நல்லாருக்கு, ஆனா கையில பிடிக்க ஒண்ணுமில்லயே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவள் சொன்னதுதான் க. சுதாகர் எழுதிய '6174'. தலைப்பு, மகாராஷ்டிரப் பள்ளி ஆசிரியர் கப்ரேக்கர் கண்டுபிடித்த எண். நான்கு இலக்க எண் ஏதாவது ஒன்றை எடுத்து, நான்கும் ஒரே இலக்கமாக இல்லாமல், இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழித்து, வந்த விடையை மறுபடியும் அப்படியே செய்துகொண்டு போனால் ஏழு தடவைக்குள் 6174இல் வந்து நின்றுவிடும். நம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் "பழசு" என்று சொல்லாமல், மூணாறு போகிற ஜீப்புக்காரப் பையனிடம் சாமான் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: பொட்டாஷ், 19:19:19, 6174.

உரக்கடைக்காரர் முதல் இரண்டையும் கொடுத்துவிட்டு, மூன்றாவது புதுசாக வந்த உரம் போல, ஸ்டாக் இல்லை என்றிருக்கிறார். பையன் விவரமானவன். நான்கு இலக்கத்தைக் கேரளத்தில் எங்கே கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா? 6174 என்று முடிகிற லாட்டரிச் சீட்டோடு வந்து நின்றான்.

குலுக்கலில் ஆயிரம் ரூபாய் விழுந்தது 6147க்கு. நம்மாள் மறுநாள் காலை முதல் ஜீப்பிலேயே மூணாறுக்கு இறங்கிவிட்டார். லாட்டரிக் கடைக்காரர் முன்னால் சீட்டை வைத்து, "தம்பி, விழுந்த நம்பர இறங்குவரிசையில எழுது. ஏறுவரிசையில எழுது. கழி. என்ன வருது? என் சீட்டு வருதுல்ல?"

கடைக்காரர் பழைய ரிசல்ட் தாளின் பின்பக்கத்தில் கழித்துப் பார்த்தார். வந்தது. இரண்டாம் பரிசு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை எடுத்துப் போட்டார். மூன்று தடவை கழித்ததில் அதுவும் அங்கேயே வந்து நின்றது. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு ஏறிட்டுப் பார்த்தார்.

"எந்த நம்பரப் போட்டாலும் கடைசில உங்க சீட்டுக்கே வருதுன்னா, அம்புட்டுப் பரிசையும் உங்களுக்கே குடுக்கணுமேண்ணே?"

"அதத்தான் தம்பி நானும் சொல்றேன்."