வாட்ச் சார்

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா சார்?" என்று காலை நடையில் எதிர்ப்படுகிறவர் ஒரு மரியாதைக்குக் கேட்டு வைப்பார். வேறு யாராக இருந்தாலும் "ஏதோ தூங்கினேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். வாட்ச் சார் நின்றுவிடுவார். இடது கையை நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்தச் சின்னத் திரையை இரண்டு முறை தடவி, "எழுபத்தொண்ணு" என்பார்.

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான். முந்தாநாள் எழுபத்தாறு. ஆழ்ந்த தூக்கம் ஐம்பத்திரண்டு நிமிஷம், கனவுத் தூக்கம் ஒரு மணி பத்து. நடுவுல நாலு தடவை முழிப்பு. மூணுக்குக் காரணம் தெரியுது. அந்த நாலாவதுதான் பிடிபட மாட்டேங்குது."

நாலாவது விழிப்பு மூன்றேகால் மணிக்கு நிகழ்ந்திருக்கிறது. மேல்வீட்டுக்காரர் மோட்டார் போட்டாரா, தெருநாய் குரைத்ததா, மனைவி இருமினாரா என்று வீட்டில் ஏற்கெனவே ஒரு சுற்று விசாரணை முடிந்திருக்கும். மனைவிதான் முதல் சந்தேக நபர். "நான் இருமவே இல்லைங்க" என்று அந்த அம்மாள் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. அவர் கையில் வாட்ச் கிடையாது. ஆதாரம் இல்லாத பேச்சு.

மடிப்பாக்கத்திலிருந்து மதுரை வரை, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் இப்போது ஒரு வாட்ச் சார் இருக்கிறார். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறாதவராக இருந்தால் அலுவலகத்தில் அவருக்கு வேலை குறைவு என்று கொள்ளலாம். கடிகாரத்தை வாங்கிக் கொடுத்தது பையனோ மாப்பிள்ளையோதான். முதலில் அடிகளை எண்ணுவதற்காகத்தான் கட்டினார். கோயிலில் பிரகாரம் சுற்றும்போதுகூடக் கை வீசி நடந்தார். கும்பிட்டபடி நடந்தால் கணக்கில் ஏறாதோ என்ற பயம். பிறகு நாடித்துடிப்பு பார்த்தார். அதுவரை வீட்டில் எந்தத் தொந்தரவும் இல்லை. "அப்பா, இது தூக்கத்தையும் அளக்கும்" என்று பையன் போனில் சொன்ன அன்று பிடித்தது சனி. பகலெல்லாம் கையில் இருந்துவிட்டு ராத்திரி சார்ஜரில் படுத்துக் கிடந்த கடிகாரம், இனிமேல் ராத்திரியும் டியூட்டி பார்க்க வேண்டும். அப்படியானால் அது எப்போது சாப்பிடும்?

இவருடைய அப்பாவிடமும் ஒரு கடிகாரம் இருந்தது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து எச்.எம்.டி. 1961-இல் பெங்களூரில் செய்யத் தொடங்கிய வகையறா. கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. தினமும் காலையில் குளித்து விபூதி இட்டுக்கொண்ட பிறகு அதற்குச் சாவி கொடுப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குமிழ் இறுகுகிற இடம் தெரியும். அதற்கு மேல் ஒரு சுற்று சுற்ற மாட்டார். மறந்துபோனால் ரேடியோச் செய்திக்கு முன்னால் மணி வைத்துக்கொள்வார். ராத்திரியானால் கடிகாரம் மாடத்தில், அவர் திண்ணையில். அவர் எப்படித் தூங்கினார் என்பது கடிகாரத்துக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. எண்பத்து மூன்று வயது வரை இருந்தார்.

ஆப்பிள் வாட்ச் 2015 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தபோது ஒரு சார்ஜில் 18 மணி நேரம் ஓடும் என்றார்கள். நாளுக்கு 24 மணி. மீதி ஆறு மணி நேரம் மனிதன் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போவான் என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் நியாயமாகத்தான் நினைத்திருக்கிறார்கள். 2020-இல் அவர்களே தூக்கத்தை அளக்கும் செயலியையும் உள்ளே வைத்தார்கள். மீதி ஆறு மணி நேரமும் போயிற்று. படுக்கும் நேரம் நெருங்கும்போது சார்ஜ் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கடிகாரமே நினைவூட்டும்படி ஏற்பாடு. மறு வருஷம் வந்த மாடலில், எட்டு நிமிஷம் சார்ஜ் போட்டால் எட்டு மணி நேரத் தூக்கத்துக்குத் தாங்கும் என்றார்கள். சில வேறு கம்பெனிக் கடிகாரங்கள் ஒரு சார்ஜில் வாரக்கணக்கில் ஓடும். ஆக, இந்த உலகத்திலும் வடகலை, தென்கலை உண்டு: தினச் சார்ஜ்காரர்கள், வாரச் சார்ஜ்காரர்கள். வாரச் சார்ஜ்காரர் மற்றவரைப் பார்த்து இரக்கத்தோடு சிரிப்பார். மற்றவர், "உங்களுதுல கலர் அவ்வளவு துல்லியமா இருக்காதே" என்று திருப்பி அனுப்புவார்.

நம் வாட்ச் சார் தினச் சார்ஜ்காரர். ஆகவே வீட்டின் நேர அட்டவணை கடிகாரத்தின் சாப்பாட்டு வேளையை ஒட்டித் திருத்தி எழுதப்பட்டது. முதல் வேளை, அவர் குளிக்கும்போது. கடிகாரத்தைக் கழற்றி அந்த வட்டக் காந்தத்தில் ஒட்ட வைத்துவிட்டுப் போவார். முன்பு பத்து நிமிஷத்தில் குளித்து வருகிறவர், இப்போது பதினைந்து சதவீதம் ஏறட்டும் என்று உள்ளேயே நிற்கிறார். வெளியே ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டிய மருமகள் துண்டும் கையுமாகக் காத்திருக்கிறாள். அவள் வாயைத் திறக்கவில்லை. கதவை மட்டும் இரண்டு முறை தட்டினாள். இரண்டாவது தட்டல் கொஞ்சம் பலமாக விழுந்தது. அடுத்த நாளிலிருந்து குளியல் பழையபடி பத்து நிமிஷம்.

இரண்டாவது வேளை, சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரை. வாட்ச் சாரின் தத்துவம் முழுவதும் வெளிப்படுவது இந்த ஒரு மணி நேரத்தில்தான். கையில் கடிகாரம் இல்லாதபோது நடக்கிற அடிகள் கணக்கில் சேராது. கணக்கில் சேராத அடியை எதற்காக எடுத்து வைக்க வேண்டும்? எனவே சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அசையாமல், எதிர்ச் சுவரோரம் பிளக்கில் கிடக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வாசலில் சிலிண்டர்காரர் மணி அடிப்பார்.

"ஏங்க, யாருன்னு பாருங்க. அடுப்புல தாளிச்சிட்டிருக்கேன்."

"நீயே போய்ப் பாரு. நான் சார்ஜ்ல இருக்கேன்."

அந்த வீட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. பேரன்கூட, "தாத்தா எத்தனை பர்சன்ட்?" என்று கேட்டுவிட்டுத்தான் மடியில் ஏறுகிறான்.

ஏழே காலுக்கு நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும். முதலில் மெதுவாக, பிறகு மிக்சியை மிஞ்சும்படி. வாய் திறந்திருக்கும், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். டிவியில் மாமியாரும் மருமகளும் அலறினாலும், பேரன் காலில் ஏறி மிதித்தாலும் அந்தச் சத்தம் தாளம் தப்பாது. முக்கால் மணி நேரம் கழித்து அம்மாள் தோளைத் தொட்டு, "இங்கயே தூங்கிட்டீங்களே, எழுந்து சாப்பிடுங்க" என்பார். வாட்ச் சார் திடுக்கிட்டு நிமிர்ந்து, "நான் எங்க தூங்கினேன்? கண்ணை மூடிட்டு யோசனை பண்ணிட்டிருந்தேன்" என்பார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பதிவேட்டைத் திறந்து காட்டுவார். உண்மையில் அங்கே ஒன்றும் இல்லை.

பேட்டரியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. லித்தியம் அயனி பேட்டரியை எப்போதும் நூறிலேயே வைத்திருந்தாலும், சூட்டில் வைத்தாலும் சீக்கிரம் தளர்ந்துவிடும். 20-க்கும் 80-க்கும் நடுவில் வைத்திருப்பது நல்லது. இது சரியான செய்திதான். ஆனால் இஸ்திரி போடுகிறவரை நிறுத்தி வைத்துச் சொல்ல வேண்டிய செய்தியா என்பது வேறு. "இந்தப் பேட்டரிக்காக 2019-ல மூணு பேருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. அதுல குட்இனஃப்னு ஒருத்தர். பரிசு வாங்கறப்ப வயசு 97! அதுவரைக்கும் நோபல் வாங்கினவங்கள்ல அவருக்குத்தான் வயசு அதிகம்." இஸ்திரிக்காரர், "அப்படிங்களா சார், மொத்தம் பதினாலு உருப்படி" என்று சொல்லி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்.

எண்பதில் பிடுங்கிவிட்டால் காலை வரை தாங்குமா என்பது அடுத்த கவலை. தாங்க வைக்க ஒவ்வொன்றாக அணைப்பார். எப்போதும் ஒளிரும் திரை முதலில் போயிற்று. கையைத் திருப்பினால் விழித்துக்கொள்ளும் வசதியையும் நிறுத்தினார். வாட்ஸ்அப் செய்தி வந்தால் அதிர வேண்டாம் என்று கட்டளை போட்டார். ராத்திரி பத்து மணிக்கு இந்தச் சடங்குகள் முடியும்போது, பல ஆயிரம் ரூபாய்க் கடிகாரத்தில் மணி மட்டும் தெரியாது. "மணி என்ன ஆச்சு?" என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அம்மாள், மளிகைக் கடையில் தீபாவளிக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார்.

பிறகு படுக்கை. பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு மேலே ஒரு துளை இறுக்கிக் கட்ட வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. விளக்கை அணைத்ததும் போர்வைக்குள்ளிருந்து பச்சை வெளிச்சம் மினுக்கும். ரத்தம் சிவப்பு, பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் கூடிக் குறைவதற்கு ஏற்பத் திரும்பி வரும் ஒளியும் மாறும். அதை வைத்துத்தான் கடிகாரம் நாடியை எண்ணுகிறது. இந்த விளக்கத்தைப் பேரனுக்குச் சொல்லியும் பயனில்லை. "தாத்தா கையில பேய் இருக்கு" என்று அவன் பாட்டியிடம் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஆள் தூங்கிவிட்டார் என்று கடிகாரம் எப்படி முடிவு செய்கிறது? சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-இல் கனவுத் தூக்கத்தைப் பற்றி எழுதியது, தூங்குகிறவர்களின் கண்ணோரம் மின்முனைகளை ஒட்டி இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்த பிறகு. இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் தூக்கத்தை முறையாக அளக்க வேண்டுமானால் தலையெல்லாம் வயர் ஒட்ட வேண்டும். மூளையில் என்ன நடக்கிறது என்பது கடிகாரத்துக்கு எட்டாது. கை அசைகிறதா, நாடி எப்படிப் போகிறது என்று பார்த்து அனுமானம் செய்கிறது. மொத்த நேரத்தை ஓரளவு சரியாகவே சொல்லும்; எந்த நிமிஷம் எந்த வகைத் தூக்கம் என்பதில் தடுமாறும். விழித்துக்கொண்டே அசையாமல் கிடப்பவனைத் தூங்குவதாக நம்பிவிடுவதும் உண்டு.

இந்தப் பலவீனத்தை வாட்ச் சார் கண்டுபிடித்துவிட்டார். தூக்கம் வராத இரவுகளில் கொசு கடித்தால்கூட இடது கையை அசைக்காமல் கிடக்கிறார். முதுகு அரிக்கிறது, பொறுத்துக்கொள்கிறார். மறுநாள் காலை எண்பத்திரண்டு! சிவந்த கண்களோடு பூங்காவுக்கு வந்து, கொட்டாவியை அடக்கிக்கொண்டு அந்த எண்ணை எல்லோருக்கும் காட்டுகிறார். பரீட்சையில் காப்பி அடித்து முதல் மார்க் வாங்கிய பையனிடம்கூடக் கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

தூக்க எண்ணைப் பற்றிய கவலையே தூக்கத்தைக் கெடுக்கிற நிலையைப் பற்றி 2017-இல் அமெரிக்காவில் கெல்லி பேரன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு கட்டுரை எழுதி, ஆர்த்தோசோம்னியா என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அதை எனக்கு அனுப்பி வைத்தவரே வாட்ச் சார்தான். "பாவம், இப்படியும் சில பேர்" என்று கீழே ஒரு வரி. அனுப்பிய நேரம் இரவு 12.40.

இவ்வளவு சொன்னாலும், இந்தக் கடிகாரங்களை ஒரேயடியாகக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நாடி தாறுமாறாகப் போகிறது என்று கடிகாரம் எச்சரித்து, டாக்டரிடம் போய், கோளாறு கண்டுபிடிக்கப்பட்டவர்கள் உண்டு. காலை ஐந்து மணிக்குச் சத்தமில்லாமல் மணிக்கட்டில் அதிர்ந்து அவரை மட்டும் எழுப்பும் அலாரமும் அருமையான யோசனை. எழுந்ததும் மார்க்கைச் சொல்வதற்காக அவர் மற்ற எல்லோரையும் எழுப்பிவிடுகிறார் என்பது கடிகாரத்தின் குற்றம் ஆகாது.

மாதாந்திர மின்தடைக்கு முதல்நாள் அவர் படும் பாட்டை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒருமுறை சோதனைக்காக மனைவி கையில் கட்டிவிட்டார். அந்த அம்மாள் பத்தரைக்குத் தலையணையில் தலை வைத்தார். ஐந்தரைக்குப் பால் பாக்கெட் விழும் சத்தத்தில் எழுந்தார். தொண்ணூற்றொன்று. வாட்ச் சார் நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டை தளர்வா இருந்திருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிக் கழற்றி வாங்கிக்கொண்டார். அந்தச் சோதனை அதற்குப் பிறகு நடக்கவில்லை.

போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். அவசரத்தில் சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டார். மண்டபம் முழுக்கப் போன் சார்ஜர் இருக்கிறது. அந்த வட்டக் காந்தம் யாரிடமும் இல்லை. நாதஸ்வரக்காரரைக்கூடக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் மாப்பிள்ளையின் பெரியப்பா கையில் கறுப்பாக ஒன்று பளபளத்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட சார்ஜர் இருக்கா?"

"எதுக்கு எடுத்துட்டு வரணும்? ஞாயித்துக்கிழமை போட்டேன். இன்னும் அறுபது இருக்கு." வாரச் சார்ஜ்காரர்.

பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ரசம் வருவதற்குள் மூன்று மாதத் தூக்கக் கணக்கும் பரிமாறப்பட்டது. ஊர் திரும்பும் ரயிலில் வாட்ச் சார் மனைவியிடம் தன் முடிவை அறிவித்தார்.

"பையன்கிட்டச் சொல்லி அந்த வாட்சையே வாங்கிடப் போறேன். வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டாப் போதுமாம்."

அம்மாள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"அப்போ மீதி ஆறு நாளு நீங்க எப்பங்க தூங்குவீங்க?"