பச்சை மான் விசாரணை: திருகோணமலை வீட்டுப் பிரின்டர் பற்றிய அளவையியல் ஆய்வு

தொலைபேசியில் எடுத்த படத்தை வீட்டுப் பிரின்டரில் அச்சிடுவதா, ஸ்ரூடியோவில் கொடுப்பதா என்னும் வழக்கு நெடுங்காலமாகத் தீராமல் கிடக்கிறது. செலவைச் சொல்லி வாதிடுவோரும் வசதியைச் சொல்லி வாதிடுவோரும் நிறைய உண்டு. சிவஞான சித்தியார் எடுத்தாளும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளாலும் இதை ஆராய்ந்தார்தாம் இல்லை. அக்குறை நீக்க எழுந்த இக்கட்டுரை, துறைமுகத்தைச் சூழ்ந்த திருகோணமலை வீடுகளுக்கென நிறுவ முயலும் கோட்பாடு ஒன்றே: படத்தின் தரம் பிரின்டரின் விலையில் இல்லை, அது எத்தனை நாள் சும்மா கிடந்தது என்பதில் இருக்கிறது.

முதலில் காட்சி. இவ்வூரார் தொலைபேசியைத் திறந்தால் பிரட்ரிக் கோட்டைப் புள்ளிமான் ஒன்றாவது நிற்கும். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர் அதன் முகத்தில் விழிக்காமல் போவது அரிது. ஆகவே மானே நம் சோதனைப் பொருள். அதன் கபில நிறம் மஞ்சளும் மெஜந்தாவும் கூடி, சிறிது சயனும் சேரப் பிறப்பது. மெஜந்தா அடைபட்டால் மான் பச்சையாகும். சயன் அடைபட்டால் மான் சற்றே சிவந்து தப்பிவிடும். நிலாவெளிக் கடல்தான் ரோஸ் நிறத்தில் அலையடிக்கும். மை உமிழும் துளைகள் தலைமயிரிலும் சன்னமானவை. பிரின்டர் ஓய்ந்திருக்க, மையின் நீர் வற்றி வாயிலேயே காய்ந்துவிடுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது விரைந்து நடக்கும். மாரியில் வாடை கொண்டுவரும் ஈரத்தில் தாள் நெளியும், சாய மை பரவும். அடைப்பெடுக்க ‘ஹெட் கிளீனிங்’ கொடுத்தாலோ, இயந்திரம் தன் மையைத் தானே உறிஞ்சி உள்ளிருக்கும் பஞ்சுக்கு வார்க்கிறது. இவ்வாறு ஒரு படமும் வராமலே கார்ட்ரிஜ் தீர்வதைக் கண்ணாரக் காணலாம்.

அடுத்தது கருதல். ஸ்ரூடியோப் படங்களை அச்சிட, வெள்ளி உப்புப் பூசிய தாளில் ஒளி பாய்ச்சி இரசாயனத்தில் கழுவும் லேபுக்கும் ஓய்வு ஆகாது. தாள் ஓடினால்தான் இரசாயனம் புதுப்பிக்கப்படும். ஓடாவிட்டால் காற்றுப்பட்டுக் கெடும். தாளை ஓடவைப்பவை கல்யாண வீடுகளும் சாமத்திய வீடுகளும். எனவே இரசாயனத்தைக் காப்பவர் லேப்காரர் மட்டுமல்லர், நாள் குறித்துக் கொடுக்கும் சாத்திரியாரும் என்பது பெறப்படும். கல்யாண நாள் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் இரசாயனம் எவ்வாறு தாங்குகிறது என்பது தனி ஆய்வுக்குரியது. “இப்போது பல லேபுகளும் மை முறைக்கே மாறிவிட்டனவே, பின் என்ன வேறுபாடு?” எனின், அவ்வினா நம் கோட்பாட்டுக்கே அரண் செய்கிறது. அதே வகை மை. ஆனால் நாள் முழுதும் ஓடுவதால் காய நேரமில்லை.

இனிப் பரபக்கம். “நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் படம் வேண்டும் என்று பிள்ளை இரவு பத்து மணிக்குச் சொன்னால் ஸ்ரூடியோ திறந்திருக்குமா?” என்பர். திறந்திராது, ஆனால் மாதக்கணக்கில் உறங்கிய பிரின்டரும் அந்நேரத்தில் பச்சை மானைத்தான் தரும். “நாள்தோறும் ஒரு படம் அச்சிட்டால் அடைக்காதே” என்பது இரண்டாவது மறுப்பு. உண்மை, ஆனால் ஆண்டு முடிவில் 365 மான்களை எந்த அல்பத்தில் ஒட்டுவது? “வீட்டுப் படத்தைப் பிறர் பார்க்கலாமா?” என்பது மூன்றாவது. இதை மட்டும் ஏற்கிறோம். ஒளிக்க வேண்டிய படத்துக்குப் பச்சை நிறம் ஒரு காப்பும் ஆகும்.

எஞ்சியது உரை, அதாவது ஆப்தர் வாக்கு. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் 2015 முதல் கடவுச்சீட்டுப் படத்தை அங்கீகாரம் பெற்ற ஸ்ரூடியோவே இணையவழி அனுப்ப வேண்டும் என்கிறது. வீட்டில் அச்சிட்ட முகத்தை அரசும் நம்பவில்லை என்பதற்கு இதற்குமேல் பிரமாணம் வேண்டா.

ஆயினும் வீட்டுப் பிரின்டரைக் கைவிட மனமில்லாதார்க்கு ஒரு பரிகாரம் உண்டு. தெருவில் இருபது வீட்டார் கூடி ஒரே பிரின்டரை வாங்கி, முறைவைத்து ஓயாமல் ஓட்டலாம். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம், மைக்கும் மின்சாரத்துக்கும் படத்துக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு, வீட்டுக் கூடத்தில் இடம் போதாதெனின் தெருமுனையில் ஒரு கடை, அது தெரியும்படி ஒரு பெயர்ப்பலகை. அப்படிப்பட்ட ஏற்பாடு ஊரில் ஏற்கெனவே இருப்பதால், புதிதாகத் தொடங்க வேண்டுமா என்பதை இருபது வீட்டாரும் கூடி முடிவு செய்வார்களாக.