28 அங்குல ஆசை

அமெரிக்காவுக்குப் புறப்படுகிறவர்கள் கடையில் முதலில் கைவைப்பது 28 அங்குலப் பெட்டியில்தான். நீளம், அகலம், உயரம் சேர்த்து 158 செ.மீ. என்ற வழக்கமான விதிக்குள் அது எப்படியோ அடங்கிவிடும். 23 கிலோ என்ற இன்னொரு விதிதான் செக்-இன் கவுன்டரில் காத்திருக்கிறது. வெறும் பெட்டியே நாலைந்து கிலோ. இட்லிப்பொடி, அரிசி மாவு, ஊறுகாய், ஒரு குக்கர் என்று பாதி நிரம்புவதற்குள் மிச்ச எடையும் தீர்ந்துவிடும். ஆனால் காலி மூலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை; 'இந்தச் சந்துல ரெண்டு பாக்கெட் முறுக்கு போகுமே' என்று யாராவது வந்துவிடுவார்கள். கம்பளி, குளிர்கோட்டுக்கு இடம் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயம்தான், கம்பளி மட்டுமே கொண்டுபோகும் தமிழரைக் காட்டினால். மற்றவர்களுக்கு 24 அங்குலம் போதும்: அது நிறையும்போதே தராசும் ஏறக்குறைய நிறைந்துவிடும், வரிசையில் நிற்பவர்கள் வேடிக்கை பார்க்க, மாமியார் கொடுத்த ஆவக்காயைத் தரையில் எடுத்துவைக்கும் வேலையும் மிச்சம்.