டி.ஏ. வாங்குற மாப்ளைக்கு மாமன் சொல்ற புத்தி

வா மாப்ள, உக்காரு. யூனியன் கூட்டத்துல ‘தனியார்மயம் ஒழிக’ன்னு கத்திட்டு வந்திருக்க, தொண்டை கட்டியிருக்கு. அத்தை சுக்குத்தண்ணி போடறா. நீ எந்த அரசாங்கத்தைத் திட்டி கோஷம் போட்டன்னும் எனக்குத் தெரியும், போன எலெக்‌ஷன்ல எந்தப் பட்டனை அமுக்கினன்னும் தெரியும். ரெண்டும் ஒரே தாமரைதான். வெக்கப்படாத. அனகாபுத்தூர்ல தறி ஓட்டிக் கிழவனான நான், மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தனுக்குத் தப்பு ரைட்டு சொல்ற ஆளா? புத்திதான் சொல்லப்போறேன். இப்பிடியே போட்டுக்கினு இரு. உன் கணக்கு சரியாத்தான் இருக்கு.

டிவியில நாலு பேர் உக்காந்துக்கினு, அரசு ஊழியர்கள் ஏன் வலதுசாரிக் கட்சிக்கு ஓட்டுப் போடறாங்கன்னு மண்டையை உடைச்சிக்கறாங்க. சர்க்காரைச் சின்னதாக்கணும்ங்கற கட்சிக்கு, சர்க்கார் கஜானாவுல சம்பளம் வாங்கறவன் எப்பிடிப் போடுவான்னு கேக்கறாங்க. ரொம்பப் படிச்சவங்களுக்கு இது புரியாது. நீ ஊழியனா இருக்கறது காலைல பத்துலேந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். அதுக்கப்புறம் நீ வீட்டு ஓனர். பம்மல்ல ரெண்டு போர்ஷன் கட்டி ஐ.டி. பசங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்க. பத்து மாச அட்வான்ஸ், தனி ஈ.பி. மீட்டர், தண்ணி லாரிக்குத் தனிக் காசுன்னு பேசறவன் எந்த ஊர்லடா பாட்டாளி? அதுலயும் ஓட்டுப் போடற அன்னிக்கு ஆபீஸ் லீவு. ஊழியன் வீட்ல படுத்துத் தூங்கறான், ஓனர் எழுந்து போய் ஓட்டுப் போட்டுட்டு வர்றான்.

அத்தைக்கு மாசம் ஆயிரம் ரூபா மகளிர் உரிமைத் தொகை வருது, 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. அன்னிலேந்து இந்த வீட்டுப் படியேறினா உனக்கு ஒரே பாட்டு: ‘எல்லாம் என் வரிப்பணம் மாமா.’ நானும் யோசிச்சுப் பார்த்தேன். உன் சம்பளம் ஊரார் கட்டின வரி. அதுலேந்து கொஞ்சம் பிடிச்சுக்கினு ஃபார்ம் 16 குடுத்தா, அது உன் வரிப்பணம் ஆயிடுது. அத்தை சோப்பு சீப்பு வாங்கறப்போ கட்டற ஜி.எஸ்.டி. மட்டும் யார் வீட்டுப் பணமோ, அதைப் பத்தி நீ பாடினதே இல்ல.

உன்னை எப்பிடிக் கவனிச்சுக்கணும்னு டெல்லிக்காரங்களுக்கு நல்லாத் தெரியும். தேதியை மட்டும் பாரு. 2025 ஜனவரி 16, எட்டாவது பே கமிஷன் உண்டுன்னு அறிவிப்பு. பிப்ரவரி 1, பட்ஜெட்ல 12 லட்சம் வரைக்கும் வருமான வரி கிடையாது. பிப்ரவரி 5, டெல்லி சட்டசபைக்கு ஓட்டுப்பதிவு. அந்த ஊரே சர்க்கார் குவார்ட்டர்ஸ். 8ஆம் தேதி எண்ணினா 70ல 48 சீட்டு பா.ஜ.க.வுக்கு. இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. பே கமிஷன் பத்து வருஷத்துக்கு ஒருதரம் வந்துதான் ஆகணும். வர்ற நாளைத்தான் பஞ்சாங்கம் பார்த்து வெக்கறாங்க.

எடுத்ததையும் நீ மறந்துடுவ, அது இன்னும் பெரிய வசதி. கொரோனா வந்தப்போ 2020 ஏப்ரல்ல டி.ஏ.வை நிறுத்தினாங்க. மூணு தவணை, 18 மாசம், 17 சதவீதத்துலயே நின்னுச்சு. 2021 ஜூலையில 28ன்னு ஏத்தினப்போ நீ கேசரி வாங்கிக்கினு வந்த. அந்த 18 மாச அரியர் வரவே வராதுன்னு சொல்லிட்டாங்களேன்னு கேட்டேன், ‘நாடு கஷ்டத்துல இருந்தது மாமா’ன்ன. நல்ல மனசு உனக்கு. அப்போ தமிழ்நாட்டு சர்க்காரும் அதே மாதிரி நிறுத்துச்சு. அதுக்கு மட்டும் நீ திட்டின திட்டு தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. ரயில்வேக்காரங்களுக்கு வருஷாவருஷம் 78 நாள் போனஸ், உச்சவரம்பு 17,951 ரூபா, பண்டிகைக்கு முன்னாடி தலைப்புச் செய்தி. பி.எஸ்.என்.எல்.ல 2020 ஜனவரி 31 அன்னிக்கு ஒரே நாள்ல விருப்ப ஓய்வுல போனவங்க 78 ஆயிரத்துக்கும் மேல. அந்த 78 நம்ம தெருவுல எவனுக்கும் ஞாபகம் இல்ல.

சரி, இப்ப உள் விஷயத்துக்கு வர்றேன். ஓடிக்கினு இருக்கற தறியில இழை அறுந்தா நெசவுக்காரன் கூப்பாடு போடுவான். அடுத்த பாவுலயே நாப்பது இழை கம்மியா ஓட்டினா ஒருத்தனும் கேக்க மாட்டான், துணி அகலம் கம்மியாத்தான் வரும்னு பழகிக்குவான். இந்த வித்தையை மொதல்ல தெரியாம மாட்டிக்கினு, அப்புறம் கத்துக்கிட்ட கதை நம்ம கோட்டையிலயே இருக்கு.

2003 ஜூலை. ஜெயலலிதாம்மா ஆட்சி. பென்ஷன்ல, சரண்டர் லீவுல கைவெச்சாங்கன்னு அரசு ஊழியர், ஆசிரியர் எல்லாம் ஸ்டிரைக் பண்ணாங்க. எஸ்மா, டெஸ்மான்னு சட்டம். ஒரே வீச்சுல கிட்டத்தட்ட 1,70,000 பேர் டிஸ்மிஸ். விடிகாலையில வீடு புகுந்து பிடிச்சாங்க. ஆகஸ்ட் 6ல சுப்ரீம் கோர்ட்டும், அரசு ஊழியருக்கு ஸ்டிரைக் பண்ண சட்டப்படியும் உரிமை இல்ல, தார்மீகமாவும் இல்லன்னு தீர்ப்பு எழுதுச்சு. ஊழியன் வாயைப் பொத்திக்கினு வேலைக்குப் போனான். 2004 மே மாசம் பார்லிமென்ட் எலெக்‌ஷன்ல வாயைத் திறக்காமலே பதில் சொன்னான். அ.தி.மு.க. – பா.ஜ.க. கூட்டணிக்கு 39ல ஒண்ணு கூட இல்ல. ஊழியன் ஓட்டு மட்டும் அதைச் செய்யல, ஆனா வீட்டுக்கு நாலு ஓட்டு, சொந்தக்காரன் ஓட்டுன்னு கணக்குப் போட்டுக்க. ரிசல்ட்டு வந்த சூட்டோட, அதே மாசம், ஸ்டிரைக் பண்ணவங்க மேல எடுத்த நடவடிக்கையெல்லாம் வாபஸ்.

ஒண்ணு மட்டும் வாபஸ் ஆகல மாப்ள. 2003 ஏப்ரல் 1லேந்து வேலையில சேர்றவனுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, சம்பளத்துல பிடிச்சுப் பங்கு கட்டற பென்ஷன்தான்னு போட்ட உத்தரவு. அது நின்னுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு வந்த கலைஞர் ஆட்சியும் அதைத் தொடல. ஏன்னா அதுல அடிபட்டவன் அப்போ பிளஸ் டூ படிச்சிக்கினு இருந்தான். கோட்டை வாசல்ல வந்து கத்த அவனுக்கு யூனியனும் இல்ல, பலபேருக்கு ஓட்டே இல்ல. டெல்லியில வாஜ்பாய் ஆட்சியும் 2004 ஜனவரி 1லேந்து சேர்றவங்களுக்கு அதேதான்னு சொல்லிடுச்சு. உள்ள இருந்த ஒருத்தன் இலையிலேந்தும் ஒரு பருக்கை எடுக்கல. 2022 ஜூன்ல அக்னிபத்! நாலு வருஷம் பட்டாளம், நூத்துல இருவத்தஞ்சு பேரைத்தான் அதுக்கப்புறம் வெச்சுப்போம்னாங்க. ஏற்கெனவே உடுப்புப் போட்டவனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் பக்கம் விடிகாலையில ஓடிப் பழகற பசங்களுக்குத்தான்.

அப்போ 2024 ஆகஸ்ட்ல ஏன் இறங்கி வந்து, கடைசி வருஷ அடிப்படைச் சம்பளத்துல பாதி பென்ஷன்னு யு.பி.எஸ். அறிவிச்சாங்கன்னு கேப்ப. 2004ல வெளிய நின்ன பையன் இருவது வருஷத்துல ஆபீஸ் சூப்பரின்டெண்டு ஆயிட்டான் மாப்ள. 23 லட்சம் பேர். 2022ல இமாச்சல்ல பழைய பென்ஷன் தர்றேன்னு சொல்லியே காங்கிரஸ் 68ல 40 பிடிச்சுது. பயம் வந்துடுச்சு. ஆனா ராஜஸ்தானையும் பார்த்துக்க. அங்க காங்கிரஸ் முதலமைச்சரா இருந்த கெலாட் அதே பழைய பென்ஷனை 2022லயே குடுத்துட்டாரு. அடுத்த வருஷம் பா.ஜ.க.வுக்கு 115. தர்றேன்னு சொன்னவன் ஜெயிச்சான், தந்தவன் தோத்தான். வாங்கிப் பையில போட்டாச்சுன்னா அது உன் சொத்து. சொத்து உள்ளவன் வேற மாதிரி ஓட்டுப் போடுவான்னு கெலாட்டுக்கு யாரும் சொல்லல போல.

தலைக்கு மேல போகுதே, மீனம்பாக்கத்துல இறங்கற ஏரோப்ளேன், அதைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு அமெரிக்காக்காரங்க ஞாபகம் வரும். அங்க விமானத்துக்கு வழி சொல்ற கன்ட்ரோலர்ங்க, முழுக்க சர்க்கார் ஊழியருங்க. 1980 எலெக்‌ஷன்ல அவங்க யூனியன் ரீகனுக்கு ஆதரவு குடுத்துச்சு. ஆளு நடிகர், அதுவும் நடிகர் சங்கத் தலைவரா இருந்தவரு, நம்ம கஷ்டம் தெரிஞ்ச மனுஷன்னு நம்பினாங்க. 1981 ஆகஸ்ட்ல ஸ்டிரைக் பண்ணாங்க. 48 மணி நேரம் டைம் குடுத்துட்டு 11,345 பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாரு. ஓட்டை வாங்கிக்கினு, உள்ள இருக்கறவனையே அறுத்துட்டாரு பாரு. நம்ம ஆளுங்க நாசூக்கு தெரிஞ்சவங்க, அப்பிடிச் செய்ய மாட்டாங்க.

இந்தப் பக்கம் இருக்கறவன் மட்டும் ஒழுங்கான்னு கேக்காத. 2025 ஆகஸ்ட்ல ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத்துக் குப்பை அள்ற வேலையைத் தனியார்கிட்ட குடுத்ததுக்கு, தூய்மைப் பணியாளருங்க ரிப்பன் மாளிகை வாசல்ல நாள் கணக்குல உக்காந்தாங்க. ராத்திரியில தூக்கிக்கினு போனது சூரியன் ஆட்சி போலீஸ்தான். அவங்கள்லாம் தற்காலிகம். தற்காலிகத்துக்கு எந்தக் கொடியும் பந்தல் போடாது. உன் ஆபீஸ்லயே அந்த அவுட்சோர்சிங் பொண்ணு உன் பக்கத்து சீட்ல உன் வேலையையும் சேர்த்துச் செய்யுது. அது சம்பளம் என்னன்னு கேட்டேன், உனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கவும் வேணாம், தூக்கம் கெடும்.

எனக்கென்ன போச்சு? நைஜீரியாவுக்குப் போன மெட்ராஸ் கைக்குட்டை ஆர்டர் நின்னப்போ நெசவாளிக்கு எவனும் டி.ஏ. ஏத்தல. அதனால எனக்கு இழக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல, காப்பாத்தறதுக்கும் ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் இருக்கு.

ஆமா, பெரியவன் பிளஸ் டூ முடிச்சிட்டு ரயில்வே பரிச்சைக்குப் படிக்கறான்னு அக்கா சொல்லுச்சு. அடுத்த மாசம் பதினெட்டு ஆகுதாமே. ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேர்க்க ஃபார்ம் 6 வாங்கி வெச்சிருக்கியாமே? எதுக்குடா அவசரம்? நீ ரிட்டயர் ஆகற வரைக்கும் அந்தப் பேப்பரை பீரோவுலயே வெச்சிருக்கறது உன் பென்ஷனுக்கு நல்லது.