ஓசூர்ப் பேச்சிலர் என்னும் அயல்நாட்டவர்: ஒரு வாடகையியல் ஆய்வு

மேற்படிப்புக்கு அமெரிக்கா போகும் நம் பிள்ளைகளிடம் அங்குள்ள வீட்டுக்காரர்கள் ‘கிரெடிட் ஸ்கோர்’ கேட்பார்கள். நேற்று விமானம் இறங்கியவனுக்கு அது ஏது? உள்ளூர் ஆள் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்; இல்லையேல் கூடுதல் முன்பணம் கட்ட வேண்டும். பாஸ்போர்ட்டே இல்லாமல் இதே பாடுபடும் ஓர் இனத்தை ஓசூர் சிப்காட் வட்டாரத்தில் அடையாளம் காட்டுவதே இவ்வாய்வின் நோக்கம்.

நமது கருதுகோள்: அயல்தன்மைக்கும் தூரத்துக்கும் தொடர்பில்லை. ஒடிசாவிலிருந்து மனைவி, குழந்தையோடு வரும் சூப்பர்வைசர் மூக்கண்டப்பள்ளியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிடலாம். இதே மாவட்டத்து ராயக்கோட்டையிலிருந்து தனியாக வரும் டிப்ளமோ பையனோ, ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்ற டூலெட் போர்டின் கீழ் ஹெல்மெட்டும் கையுமாக நிற்பான். இங்கே குடியுரிமை தாலியோடு வருவது.

வீட்டு ஓனர் நடத்தும் நேர்காணல் தெலுங்கிலோ கன்னடத்திலோ தமிழிலோ தொடங்கலாம், பாடத்திட்டம் ஒன்றே.

“எந்த ஊரு தம்பி?”

“தர்மபுரி பக்கம்ங்க.”

“தர்மபுரில எங்க?”

“பென்னாகரம்ங்க.”

“பென்னாகரத்துல எந்தப் பக்கம்?”

வட்டம் சுருங்கிச் சுருங்கி எங்கே போய் நிற்கும் என்று இருவருக்குமே தெரியும். சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலே சாதியை அளக்கும் இத்தகைய நுண்கருவி, டைட்டன் கடிகாரம் செய்யும் ஊரிலும் வேறெங்கும் தயாராவதில்லை.

அட்வான்ஸ் பற்றிச் சுருக்கமாக: வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். பத்து மாதம் கேட்பது பெங்களூரின் பழைய வழக்கம். மாநில எல்லையான ஜூஜூவாடியில் லாரியை மறிப்பார்கள். வழக்கத்தை மறிக்க அங்கே ஆளில்லை. ஒப்பந்தம் மட்டும் பதினோரு மாதத்துக்குத்தான். ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீது நம் மக்களுக்கு அவ்வளவு மரியாதை.

நிபந்தனைகளுள் ஆய்வாளரைத் திகைக்கவைப்பது ஒன்று உண்டு. இரவு பத்து மணிக்கு கேட் பூட்டப்படும். அதன்பின் பைக் சத்தம் கேட்கக் கூடாது. டிவிஎஸ் வண்டிகள் உருவாகும் ஊரில், ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் திரும்புகிறவனுக்கு இது விதி! தெருமுனையில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே வருகிறான். வாடகை தருகிறவன் அந்த வேலையால்தான் வாடகை தருகிறான் என்பதை ஓனர்கள் தனிப் பாடமாகப் படிக்க வேண்டும்.

விசா ஒன்று உண்டு: அம்மா. ஊரிலிருந்து வந்து பால் காய்ச்சி, நான்கு நாள் தங்கி, மாடிப்படியைக் கூட்டிப் பெருக்கிவிட்டு பஸ் ஏறுவார். இது ஏற்பாடு என்பது ஓனரம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் மனசு இளகிவிடும். கிளம்பும்போது இரு பெண்களும் செல்போன் எண்களை மாற்றிக்கொள்வார்கள். அதன்பின் பையன் ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்பினான் என்பது, அவன் தூங்கி எழுமுன்பே பென்னாகரத்துக்குத் தெரிந்திருக்கும்.