வீட்டுக்கு மூளை வைத்த கதை

மதுரையில் மேஸ்திரிக்கு வீதி உண்டு. ஒயர்மேனுக்கு ஒரு சந்துகூடக் கிடையாது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை அகலப்படுத்தினார். அந்த வேலையை முன்னின்று பார்த்த இருவரின் பெயரை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கின்றன. கலெக்டருக்கு நன்றிக்கடனாக ஊர்மக்கள் விளக்குத்தூண் நட்டார்கள். அந்த விளக்குக்கு சுவிட்ச் எங்கே வைப்பது என்ற பஞ்சாயத்து அவர்களுக்கு வரவில்லை. கொடுத்துவைத்தவர்கள்.

சிம்மக்கல்லில் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியபோது அந்தப் பஞ்சாயத்து மொத்தமும் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

இங்கே மனை என்றால் அகலத்தில் கஞ்சத்தனம், நீளத்தில் தாராளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வேறு வழியில்லாமல் வீடு மேல்நோக்கித்தான் வளரும். பழைய வீட்டில் ஒயரிங் சுவருக்கு வெளியே, மரச்சட்டத்தின்மேல், எல்லோரும் பார்க்கும்படி பகிரங்கமாக ஓடியது. கறுப்பு வட்ட சுவிட்சுகள், பீங்கான் பியூஸ் கட்டை. பியூஸ் போனால் அப்பா நாற்காலியில் ஏறுவார், குடும்பமே டார்ச் பிடிக்கும். ஹாலில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். ரேடியோ, அயர்ன் பாக்ஸ், மிக்சி எல்லாம் அதற்கு முறை வைத்துக் காத்திருந்தன. எது எங்கே போகிறது என்று கேட்கவே வேண்டாம், கண்ணால் பார்க்கலாம்.

புதிய வீட்டில் எல்லாம் சுவருக்குள்ளே. அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். யோசிக்க இரண்டு பேர் முன்வந்தார்கள். ஒருவன் அக்கா மகன், பெங்களூரில் மென்பொருள் வேலை. இன்னொருவர் ஒயர்மேன் அண்ணன். காதில் பென்சில், இடுப்பில் டெஸ்டர், கையில் சாக்பீஸ்.

"மாமா, வீட்டுக்கு ஒரு மூளை வைக்கிறோம்" என்றான் மாப்பிள்ளை. லேப்டாப்பைத் திறந்து படம் காட்டினான். வாசலில் கால் வைத்தால் விளக்கு எரியும். ஆள் வெளியே போனால் மின்விசிறி நிற்கும். மாடித் தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக அணையும். "சுவிட்சே தேவையில்லை மாமா. பேசினாப் போதும்."

இந்த ஊரில் ஏற்கெனவே மூளை வைத்த வீடு ஒன்று இருக்கிறது. திருமலை நாயக்கர் மகாலில் சாயங்காலம் நடக்கும் ஒலி ஒளிக் காட்சியில் விளக்குகள் தாமாக எரியும், தாமாக அணையும், கதையும் சொல்லும். ஆனால் அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒயர்மேன் அண்ணன் படத்தைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவீங்கள்ல?" என்று கேட்டார்.

"போடாம எப்படி? வீடு பூராப் போடுவேன்."

அவர் பேசாமல் படத்தில் ஹால் கூரையில் இருந்த புகை உணரியின்மீது பென்சிலால் ஒரு கோடு போட்டார். வாராவாரம் வெள்ளிக்கிழமை அபாயச் சங்கு ஊதித் தெருவையே கூட்டுவதிலிருந்து குடும்பம் தப்பியது. வீடு என்னென்ன செய்யும் என்று மாப்பிள்ளை சொன்னான். வீட்டில் இருப்பவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று அண்ணன் கேட்டார். அன்றைக்கு எனக்கு விளங்கிய மின்பொறியியல் இவ்வளவுதான். பிறகு நடந்ததெல்லாம் இதன் விளக்கவுரை.

மார்க்கிங் அன்று பூசாத செங்கல் சுவர்களுக்கு நடுவே சாக்பீஸுடன் அவர் முன்னே போக, நாங்கள் சாமி ஊர்வலத்துக்குப் போவதுபோல் பின்னே போனோம். முதல் நிறுத்தம் படுக்கையறை. "கட்டில் தலைமாடு எங்கிட்டு?" வடக்கே தலைவைத்துப் படுக்கமாட்டோம் என்பதால் ஒரு சுவர் தானாகக் கழிந்தது. எதிரே இருந்த தெற்குச் சுவர் தலைமாடானது. தலைமாட்டில் இரண்டு பக்கமும் செல்போன் சார்ஜுக்கு ஆறு ஆம்பியர் பிளக், படுத்தபடியே விளக்கை அமத்த டூவே சுவிட்ச். செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லாமல், எமனுக்குப் பயந்த ஒரு சம்பிரதாயத்தை வைத்தே ஓர் அறையின் ஒயரிங்கை அவர் முடித்துவிட்டார்.

சமையலறையில் என் மனைவி நின்றாள். அங்கே சாக்பீஸ் அவள் கைக்கு மாறியது. மிக்சி, கிரைண்டர், இண்டக்சன், ஓவன், பிரிட்ஜ், தண்ணீர் சுத்திகரிப்பான் என்று அவள் வட்டம் போட்டுக்கொண்டே வந்ததில் சுவரில் செங்கல் தெரியவில்லை. "எல்லாமே பதினாறு ஆம்பியரா?" என்றார் அண்ணன். "ஆமாண்ணே, எப்ப எது வாங்குவேன்னு எனக்கே தெரியாது." இதைவிடத் தெளிவான தொலைநோக்குத் திட்டத்தை நான் எந்த நிதிநிலை அறிக்கையிலும் கேட்டதில்லை. விளக்குக்கு ஒன்றரை எம்எம் ஒயர், பவர் பிளக்குக்கு ரெண்டரை, ஏசிக்கு நாலு என்று அவர் எழுதிக்கொண்டார். கிரைண்டர் தரையிலா மேடையிலா என்று மட்டும் கேட்டார். தரையில்தான் என்றதும் பாயிண்ட் கீழே இறங்கியது.

மெயின் போர்டில்தான் சண்டை. அம்மாவுக்கு அது அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில் வரவேண்டும். எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. தென்கிழக்கு என்பது கொல்லையில் துணி துவைக்கும் இடம். மின்கம்பமோ தெருவில் நிற்கிறது. "மீட்டர் வாசல்லதான் இருக்கணும்மா, ரீடிங் எடுக்க வர்றவங்க அடுப்படி வழியா வரமாட்டாங்க" என்றார் அண்ணன். வாஸ்துவில் அக்னிக்கு அடுத்தபடி வாயு மூலையும் ஆகும் என்று உறவினர் ஒருவர் போனில் சமரசம் சொல்ல, வடமேற்கில் மீட்டர் வந்தது. பஞ்சபூதங்களுக்குள் இப்படி இடமாறுதல் நடந்தாலும் கடைசியில் உத்தரவு போடுவது மின்கம்பம்தான்.

எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய தீர்மானம் ஒன்று உண்டு. எர்த் குழி. ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, தகடு இறக்கி, உப்பும் அடுப்புக்கரியுமாக அடுக்கடுக்காகப் போட்டார்கள். ஈரம் நின்று கசிவு மின்சாரம் மண்ணுக்குள் சுலபமாக இறங்க வேண்டும் என்பதற்காக. அம்மா பக்கத்தில் நின்று முழுவதையும் பார்த்தாள். உப்பு, கரி, மண் மூடல். "இது நல்லதுப்பா. தெருக்கண்ணு பூராக் கழிஞ்சுரும்" என்று அவளே மேல்கொண்டு ஒரு படி கல்லுப்பு கொண்டுவந்து கொடுத்தாள். விஞ்ஞானமும் நம்பிக்கையும் ஒரே குழியில் இவ்வளவு ஒற்றுமையாக இறங்கி நான் பார்த்ததில்லை. அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் மெயினில் ஏறியது. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் அவ்வளவு வித்தியாசப்பட்டாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டில் உண்மையிலேயே உயிரைக் காக்கும் தானியங்கிக் கருவி இதுதான். இதற்கு ஆப் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, விளம்பரத்தில் நடிகையும் கிடையாது.

மாப்பிள்ளை சோர்ந்துவிடவில்லை. சோதனைக்காக ஒரு பேசும் பெட்டியை வாங்கிவந்து வைத்தான். "பாட்டி, எதாவது சொல்லுங்க." அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏத்தா, அந்த ஆல் லைட்டக் கொஞ்சம் அமத்து" என்றாள். பெட்டி இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டது. அம்மா மறுபடி சொன்னாள். மறுபடி மன்னிப்பு. "ஒரு லைட்ட அமத்தத் துப்பில்ல, பதிலுக்குப் பதில் பேசுறா பாரு" என்று அவளே எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தாள்.

அடுத்தது சாயங்கால விளக்கு. இருட்டு கட்டும்போது வாசல் விளக்கு தானாக எரியும்படி ஏற்பாடு செய்யலாம் என்றான். எங்கள் வீட்டில் ஆறு மணிக்கு முதல் விளக்கு போட்டதும் அம்மா அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். சுவிட்ச் தட்டிய அதே கை. "யாரும் போடாமத் தானா எரியிற விளக்கை எப்படிக் கும்பிடுறது? பார்க்குறப்ப எல்லாம் எரிஞ்சுக்கிட்டுல இருக்கும்?" மாப்பிள்ளையின் லேப்டாப்பில் இதற்கு விடை இல்லை. வாசல் விளக்குக்கு, தரையிலிருந்து நாலடி உயரத்தில், அம்மா கைக்கு எட்டும் ஒரு சாதாரண சுவிட்ச் வந்தது.

அமெரிக்காக்காரர்கள் இதையெல்லாம் எப்போதோ பார்த்துவிட்டார்கள். 1969இல் ஹனிவெல் நிறுவனத்தின் சமையலறைக் கம்ப்யூட்டர் நீமன் மார்க்கஸ் கடையின் பட்டியலில் விற்பனைக்கு வந்தது. விலை 10,600 டாலர். எடை நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல். சமையல் குறிப்பு சொல்லும். ஆனால் அதோடு பேச சுவிட்சுகளைத் தட்டி ஒன்று, பூச்சியம் என்று உள்ளே அனுப்ப வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வார வகுப்பு விலையிலேயே அடக்கம். முன்பக்கம் காய் நறுக்க ஒரு பலகையும் உண்டு. ஒன்றுகூட விற்றதாகத் தகவல் இல்லை. விற்றிருந்தாலும் அந்தப் பலகை மட்டும்தான் உழைத்திருக்கும்.

செலவுக் கணக்கு எனக்கு. ஸ்மார்ட் சுவிட்ச் என்பது எந்நேரமும் விழித்திருந்து கட்டளைக்குக் காத்திருக்கும். காத்திருக்கவும் கரண்ட் வேண்டும். ஒன்றுக்கு ஒரு வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு முழுக்க நாற்பது வைத்தால் நாற்பது வாட். இரண்டு மாதத்துக்கு 1,440 மணி நேரம். பெருக்கினால் ஐம்பத்தேழு யூனிட்டுக்கு மேல். 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆனது. அதில் பாதிக்கு மேல், ஒரு விளக்கும் எரியாமல், விளக்கு போடச் சொல்வார்களா என்று காத்திருந்தே தீர்ந்துவிடும். வேலையில்லாமல் சம்பளம் வாங்குவதற்கு வீட்டில் நான் ஒருவன் போதும்.

இன்டர்நெட் இருக்கிறதே. சில வகைச் சுவிட்சுகளில் நாம் தட்டுகிற கட்டளை வெளிநாட்டு சர்வருக்குப் போய், அது அனுமதி கொடுத்து, பிறகுதான் குளியலறை விளக்கு எரியும். மதுரைக்காரன் எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்டுப் பழக்கமில்லாதவன். குளிக்க மட்டும் கேட்பானா? அதிலும் மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் வரும் மின்தடைப் பகுதிகளின் பட்டியலில் சிம்மக்கல் பெயர் இருக்கும் நாளில், மூளை வைத்த வீடும் மூளையில்லாத வீடும் ஒன்றுதான். 2012இல் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமல் விசிறி மட்டையோடு மொட்டை மாடியில் கிடந்தவர்கள் நாங்கள். அதனால் இன்வெர்ட்டர் லைனைத் தனியாக இழுப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்: "பேட்டரிக்கு யாரு தண்ணி ஊத்துவா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேட்டரி பரணிலிருந்து என் மேசைக்குப் பக்கத்தில் இறங்கியது.

சித்திரைத் திருவிழாவையும் அவர்தான் ஞாபகப்படுத்தினார். அழகர் ஆற்றில் இறங்க வரும்போது வைகைக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு வைத்திருப்பவனுக்கு உறவினர் எண்ணிக்கை தானாகப் பெருகும். ஹாலில் பாய் விரித்துப் படுப்பார்கள். தலைக்கு ஒரு செல்போன். ஆகவே சுவரோரம் தாழ்வாக வரிசையாகப் பிளக்குகள். எந்த ஆட்டோமேஷன் புத்தகமும் இந்தப் பாயிண்டைச் சொல்லாது.

இத்தனைக்கும் மாப்பிள்ளை சொன்னதில் இரண்டு விஷயங்களை அண்ணன் அப்படியே ஏற்றுக்கொண்டார். ஒன்று, எல்லா சுவிட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் ஒயர். வழக்கமாக விளக்கின் நியூட்ரல் நேராக விளக்குக்கே போய்விடும், சுவிட்சுக்கு பேஸ் மட்டும் வரும். நாளைக்கு ஸ்மார்ட் சுவிட்ச் மாட்ட ஆசைப்பட்டால் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் வேண்டும், அன்றைக்குச் சுவரைக் கொத்த முடியாது. இரண்டு, மாடிக்கு மாடி கேட் 6 கேபிள், கரண்ட் ஒயர் போகாத தனிப் பைப்பில். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை மேலே ஏறுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். அதோடு அண்ணன் தன் பங்குக்கு ஒவ்வொரு அறைக்கும் ஒரு வெறும் பைப் போட்டார். "இது எதுக்குண்ணே?" "உங்க பேரப்பிள்ளைங்க எதையாவது கண்டுபிடிச்சுட்டு வரும் சார். அதுக்கு."

தொட்டி நிறைந்தால் மோட்டாரை அணைக்கும் தானியங்கியும் வந்தது. அதை மட்டும் அம்மா மனதாரப் பாராட்டினாள். அடுத்த வீட்டுச் சுவரில் தண்ணீர் வழிந்து சண்டை வராமல் காப்பதுதான் சிம்மக்கல்லில் ஸ்மார்ட் ஹோம் என்பதற்கு இலக்கணம்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த ஆப் வாங்கலாம் என்பதைப் பால் காய்ச்சிய பிறகு யோசிக்கலாம், அவசரமில்லை. பைப்பைப் பெரிதாகப் போடுங்கள், நியூட்ரலை எல்லாப் பெட்டிக்கும் இழுங்கள், எர்த்திலும் ஆர்சிசிபியிலும் காசு பார்க்காதீர்கள். பைப் பதித்துப் பூச்சு பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் டேப்பை நீட்டிப் பிடித்து, போட்டோ எடுங்கள். தினசரி காலண்டருக்கு ஆணி அடிக்கிற நாளில் அதன் அருமை தெரியும். அந்தப் படங்களைப் பிரின்ட் போட்டு மெயின் போர்டு பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். போனில் வைத்தால் அடுத்த போன் வாங்கும்போது காணாமல் போய்விடும்.