பூட்டுப் பார்க்கப் போகும் மாப்பிள்ளைக்கு

வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. வெயில் ஏறுறதுக்குள்ள பேசி முடிச்சிருவோம். கோடை லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் போறீகளாம், எம் மக சொன்னா. நல்ல காரியம். அதுலயும் அக்னி நட்சத்திரம் பார்த்துப் போறீக பாருங்க, அங்கதான் நிக்கிறீக நீங்க. மே 4-லேருந்து 28 வரைக்கும் நம்ம கோவில்பட்டியில தெருநாய்கூட தண்ணித்தொட்டி நிழலை விட்டு நகராது. நீங்க நாலு பேரும் மத்தியானம் 12 மணிக்கு மெரினா மணல்ல நிக்கப் போறதா நோட்டுல எழுதி வச்சிருக்கீக.

ஆமா, நோட்டைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன்னு கேக்காதீக. காலையில 5 மணிக்கு எந்திரிப்பு, 5:20-க்குக் குளிப்பு, 6 மணிக்கு இட்லி. பத்திர ஆபீசுல கிரயம் முடிக்கக்கூட இம்புட்டு எழுத மாட்டாக. லாட்ஜுல ஒரே ரூம், ஒரே குளியலறை. பதினாறு வயசுப் பொம்பளப்பிள்ளை தலைக்கு ஊத்தி, காய வச்சு, வாரி, பிடிக்கலைன்னு கலைச்சு, மறுபடி வாரி வெளியே வரணும். அதுக்கு நீங்க ஒதுக்கியிருக்கிறது அஞ்சு நிமிசம். உங்களுக்கு அஞ்சு நிமிசமே அதிகம் மாப்பிள்ளை, வார்றதுக்கு உங்க தலையில என்ன மிச்சம் இருக்கு?

கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை காலையில எழும்பூர்ல இறங்குறீக. இறங்குன சூட்டோட பக்கத்துல இருக்கிற மியூசியம். திங்கக்கிழமை மெரினா லைட் ஹவுஸ். செவ்வாய்க்கிழமை வண்டலூர் மிருகக்காட்சிசாலை. அடடா, நாள் பார்த்துக் குறிச்சிருக்கீக! மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. லைட் ஹவுசுக்குத் திங்கக்கிழமை. வண்டலூர்ச் சிங்கத்துக்குச் செவ்வாய்க்கிழமை. அஞ்சு நாள்ல மூணு இடத்துல மூணு பூட்டைப் பார்த்துட்டு வரலாம். பூட்டுத்தான் பாக்கணும்னா திண்டுக்கல்ல இறங்கிருங்களேன், பாதித் துட்டோட வேலை முடியும்.

நோட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த அஞ்சு மணி எந்திரிப்புத்தான். உங்க பையனை அஞ்சு மணிக்கு எழுப்பினவரு இந்தப் பூமியில உண்டா? சோம்பேறிப் பயன்னு திட்டுறீக. அந்த வயசுல தூக்கத்தைக் கொண்டாற சரக்கே ராத்திரி ஒண்ணு ரெண்டு மணி நேரம் பிந்தித்தான் உடம்புல சுரக்குமாம், மெலடோனின்னு பேரு சொன்னாக. டாக்டர்மாரு ஆராய்ஞ்சு சொன்னதை நான் எங்க மாட்டுத்தொழுவத்துலயே பார்த்திருக்கேன். பருவத்துக்கு வந்த காளங்கன்னு விடியக்காலம் எந்திரிக்காது. ராத்திரி முழுக்கக் கயித்தை இழுத்துக்கிட்டு நிக்கும்.

காளங்கன்னுன்னதும் சொல்லணும். மூக்கணாங்கயிறு போட்ட புதுசுல அதை வண்டியில பூட்டணும்னா, எடுத்ததும் பருத்தி மூடையை ஏத்த மாட்டோம். வெறும் வண்டி. பக்கத்துல வயசான மாடு ஒண்ணு, எந்தப் பாதைன்னு தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடக்கும். கன்னு என்ன நினைக்கும்? நான்தான் இழுத்துக்கிட்டுப் போறேன்னு நினைக்கும். நினைச்சுக்கிடட்டுமே, வண்டி ஓடுதுல்ல? நீங்க என்ன பண்றீக, மொத நாளே பதினோரு இடத்தை ஏத்திக் கையில சாட்டையோட நிக்கிறீக. கன்னு நுகத்தடியிலயே படுத்துக்கிடும்.

எழும்பூர்ல இறங்குனதும் நீங்க ஆட்டோக்காரர்கிட்ட முக்கால் மணி நேரம் மல்லுக்கு நிப்பீக, எனக்குத் தெரியும். வாயைத் திறக்காம நில்லுங்க. பேரன் போனை ரெண்டு தட்டுத் தட்டி, மெட்ரோவுல கொண்டுபோய் இறக்கிவிட்டுருவான். மெட்ராஸ்ல அந்த வண்டி ஓட ஆரம்பிச்சது 2015-ல. உங்களுக்குத் தெரிஞ்ச மெட்ராஸ் உங்க கல்யாண ஜவுளிக்குப் போன மெட்ராஸ். அதை வச்சு வழி சொன்னீகன்னா பிள்ளைக சிரிக்கும்.

இன்னொண்ணு, சரித்திரம் சொல்லாதீக. உங்க வாய் திறந்தாலே பாடம்தான் வருது. மெரினா ரோட்டுல விவேகானந்தர் இல்லம்னு ஒரு வட்டக் கட்டடம் நிக்கும், பழைய பேரு ஐஸ் ஹவுஸ். "இது 1842-ல கட்டினது, அமெரிக்காவுலேருந்து கப்பல்ல ஐஸ் கட்டி வந்து இங்கதான் இறங்குச்சு"ன்னு ஒரே ஒரு வரி சொல்லிட்டு, வேர்க்கடலையை உரிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிருங்க. "அம்புட்டுத் தூரம் எப்படி உருகாம வந்துச்சு?"ன்னு பய கேப்பான். "தெரியலையே"ன்னு சொல்லுங்க. மரத்தூளுக்குள்ள பொதிஞ்சு கொண்டாந்தான்னு அவனே போனைத் தோண்டி எடுத்து, ராத்திரி உங்களுக்குப் பாடம் நடத்துவான். கேட்டுக்கிடுங்க, புதுசாக் கேக்குற மாதிரி.

சாப்பாட்டு விசயத்துல எம் மக பங்கும் இருக்கு. அஞ்சு நாளைக்குப் புளியோதரை கட்டப் போறாளாம். மே மாசத்துல. மூணாம் நாள் தூக்கைத் திறந்தா லாட்ஜுக்காரன் காலி பண்ணச் சொல்லிருவான். பிள்ளைகளுக்குப் பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ திங்கணுமாம். நான் யாரு அத்தானோன்னு பயந்துட்டேன், பேத்தி வயசு பதினாறு பாருங்க. அப்புறம் கேட்டா, 1960-கள்ல பர்மாவுலேருந்து திரும்பி வந்த நம்ம சனம் கொண்டாந்த நூடுல்ஸாம். வாழத்தண்டுச் சூப்பும் கூட உண்டாம். நம்ம ஆளுக பட்ட பாட்டுல மிச்சமான பலகாரம், அதைத் திங்கக்கூடாதுன்னு எந்த வாயால சொல்லுவீக?

இப்ப முக்கியமான சங்கதி. நீங்க மக கையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைக் கடப்பீக, நடு பஜார்ல பட்டப்பேரைச் சொல்லிக் கூப்பிடுவீக, பத்து அடிக்கு ஒருக்கா போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்லுவீக. அது மூஞ்சியை எட்டு முழத்துக்குத் தூக்கும். "நாம பெத்தது நம்மளையே பார்த்து வெக்கப்படுதே"ன்னு உங்களுக்கு நெஞ்சு வலிக்கும்.

1968 ஜனவரி. மெட்ராஸ்ல உலகத் தமிழ் மாநாடு. எனக்குப் பதினாலு வயசு. எங்க அப்பா என்னைக் கூட்டிக்கிட்டு மீட்டர் கேஜ் வண்டியில கரி அப்புன மூஞ்சியோட எழும்பூர்ல இறங்குனாரு. அந்தக் காலத்துல மியூசியத்துக்குச் செத்த காலேஜ்னு பேரு, மிருகக்காட்சிசாலைக்கு உயிர் காலேஜ். அது அப்ப சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால இருந்துச்சு. ரெண்டையும் பார்த்துட்டு மவுண்ட் ரோட்டுக்கு வந்தா, 14 மாடி எல்.ஐ.சி. எங்க அப்பா வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கிட்டு, நடுரோட்டுல நின்னு, விரலை நீட்டி, சத்தமா மாடி எண்ணுனாரு. ஒம்பதுல தப்பிப்போச்சு. மறுபடி ஒண்ணுலேருந்து. பேண்ட் போட்ட பையங்க ரெண்டு பேரு பார்த்துச் சிரிச்சாங்க. நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய், யாரோ எவரோன்னு நின்னுக்கிட்டேன்.

எண்ணி முடிச்சுத் திரும்புனவரு என்னைக் காணாம ஒரு சுத்துச் சுத்திப் பார்த்தாரு. பார்த்தவரு கூப்பிடலை. கடற்கரையில கண்ணகி, கம்பர், நம்ம ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.ன்னு புதுசா வச்ச சிலையைப் பார்க்கப் போறவரைக்கும் இருபது அடி முன்னாலயே நடந்தாரு. அப்பப்ப செருப்பைச் சரி பண்ற மாதிரிக் குனிவாரு, நான் பின்னால வாறேனான்னு பாக்குறதுக்கு. அவரு செருப்பு புதுசு, வாரு ஒண்ணும் அறுந்திருக்கலை. அது எனக்கு உறைக்க முப்பது வருசம் ஆச்சு.

சரி, விடுங்க. வெத்தலை போடுறீகளா?

டிக்கெட்டை உங்க மகன்கிட்ட எடுக்கச் சொன்னீகள்ல? கெட்டிக்காரப்பய. முன்னால 120 நாளைக்கு முந்தியே எடுக்கலாம், இப்ப 60 நாள்தான்னு சொல்லி, திறந்த அன்னிக்கே முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல போட்டுட்டான். எத்தனை பேருக்குன்னு பார்த்தீகளா? பார்க்கலையே. அஞ்சு பேருக்கு. ஒண்ணு கீழ் பெர்த், வயசானவுகளுக்கு உள்ளது.

முறைக்காதீக மாப்பிள்ளை. பிள்ளைக ரெண்டும் போன வாரமே வந்து பேசி முடிச்சிட்டுப் போயிருச்சுக. அதுக முன்னால நடக்கும். இருபது அடி பின்னால உங்களைப் பேச்சுக் குடுத்து இழுத்துப் பிடிச்சு வச்சுக்கிடுறது என் வேலை. கூலி, சனிக்கிழமை செத்த காலேஜ்ல அந்தத் திமிங்கில எலும்பை இன்னொரு தரம் பாக்கணும், சாயங்காலம் ஒரு தட்டு அத்தோ.

அந்த நோட்டை இப்படிக் குடுங்க. சுண்ணாம்பு துடைக்கத் தாள் இல்லாம உக்காந்திருக்கேன்.